கன்று வேண்டாம்... போத்து போதும்!



உங்களிடம் ஒரு கேள்வி. யோசித்து, உண்மையைச் சொல்ல வேண்டும். போன வருடம் உங்கள் பள்ளியில் நட்ட மரக்கன்றுகளில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கின்றன?

"நட்டது எத்தனை?" என்று கேட்டால் டக்கென்று சொல்லி விடுவீர்கள். "பிழைத்தது எத்தனை?" என்று கேட்டால்தான் தலையைச் சொறிவோம். நீங்கள் மட்டுமல்ல, நானும்தான்!

விருதுநகர் மாவட்டம் நரிக்குடி பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருடங்களுக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை எல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் கண்மாய்க்குள் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல மரம். "இந்த ஊரில் அது ஒன்றுதான் வளரும்" என்று பெரியவர்களே அலுத்துக் கொள்வார்கள்.

அது உண்மையா? இல்லை என்பது என் கருத்து. நம் ஊரில் மரம் வளரும். நாம் நடுகிற விதமும், நடுகிற மாதமும்தான் தப்பு. அதைத்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

* நானும் கை தட்டினேன்!

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஜூன் மாதம் ஒரு நாள், 40 மரக்கன்றுகள் நட்டோம். பெரியவர்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கன்று நட்டு, வாளியில் தண்ணீர் ஊற்றி, போட்டோ எடுத்துக் கொண்டார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பத்து நாள் வெயில் கொளுத்தியது. ஆடுகள் வந்து கொஞ்சம் தின்றன. குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்த்த நேரம் அது. செடிக்கு யார் ஊற்றுவார்கள்? காலாண்டுத் தேர்வு வருவதற்குள் குச்சிகள்தான் நின்றன. அடுத்த ஜூன் மாதம் என்ன செய்தோம் தெரியுமா? அதே குழிகளை மறுபடியும் தோண்டி, வேறு கன்றுகளை நட்டோம்!

அன்றைக்கு ஓர் ஆறாம் வகுப்பு மாணவன் என்னிடம் கேட்டான்: "சார்... இந்தக் குழியிலதான சார் போன வருசமும் வச்சோம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஜூன் 5ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம். 1972ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த நாள். நம் நாட்டில் ஜூலை முதல் வாரம் 'வன மகோத்சவம்' என்று மரம் நடு விழா நடக்கிறது. மத்திய அமைச்சராக இருந்த கே.எம்.முன்ஷி 1950ஆம் ஆண்டு அதைத் தொடங்கி வைத்தார். இரண்டுமே நல்ல நாட்கள்தான். ஆனால், ஜூலையில் வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பெய்யும். நமக்கு? ஜூன், ஜூலையில் காற்றும் வெயிலும்தான். நமக்கு மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபரில், ஐப்பசி மாதத்தில்தான் வரும்.

மழை வர நான்கு மாதம் இருக்கும்போது, கன்றைக் கொண்டு போய் வெயிலில் நட்டால் அது என்ன செய்யும் பாவம்?

* அப்படியானால் ஜூனில் என்ன செய்வது?

ஜூனில் நட வேண்டாம், தயார் செய்வோம். கடையிலோ, பண்ணையிலோ கன்று வாங்கி வர வேண்டாம். நம் ஊரிலேயே வெயிலில் நின்று பழகிய மரத்திலிருந்து ஒரு கிளையைக் கேட்டு வாங்கி, வீட்டு நிழலில் வேர் விட வைப்போம். ஐப்பசி மழை தொடங்கியதும் வெளியில் நடுவோம்.

இப்படி நடுவதற்காக வெட்டும் கிளைக்குப் 'போத்து' என்று பெயர். முருங்கைக் கம்பு, முருங்கைப் போத்து என்றெல்லாம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விதையே இல்லாமல், வெறும் கிளையிலிருந்து முழு மரம்!

எல்லா மரத்துக்கும் இது சரி வராது. பனை, வேம்பு, புளி ஆகியவற்றுக்கு விதைதான் நல்லது. முருங்கை, பூவரசு, கல்யாண முருங்கை, ஒதியன், வாதநாராயணன், ஆலமரம் இவற்றையெல்லாம் போத்து வைத்தே வளர்க்கலாம். பூச்செடிகளில் குண்டுமல்லி, செம்பருத்தி, மூலிகையில் கற்பூரவல்லி, சமையலுக்குப் புதினா. பட்டியல் போதுமா?

* "சார், இது விறகு சார்!"

குழியைப் பற்றிக் கேட்டானே ஒரு மாணவன், அவன் கதையைச் சொல்கிறேன்.

ஒரு நாள் கண்மாய்க் கரைப் பூவரச மரத்திலிருந்து மூன்று கம்புகளைக் கொண்டு வந்தான். இலை கூட இல்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "சார், இது விறகு சார்! சத்துணவு ஆயாகிட்ட குடுத்துரலாம் சார்!" என்றார்கள்.

அவன் கோபப்படவில்லை. மூன்றையும் மூன்று இடத்தில் ஊன்றினான். விளையாட்டு மைதானத்து ஓரத்தில் ஒன்று, கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மதியம் சாப்பிட்டு விட்டுத் தட்டு கழுவும் இடத்தில் ஒன்று. முதல் இரண்டும் காய்ந்து போயின. மூன்றாவது பிழைத்தது. யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றவில்லை. தினமும் தட்டு கழுவிய தண்ணீரே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆடு கடிக்காமல் இருக்க, சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் வைத்திருந்தான். கெட்ட மரம் என்று நாம் திட்டுகிற மரத்தையே காவலுக்கு வைத்து விட்டான் பாருங்கள்!

நான் அந்தப் பள்ளியை விட்டு மாறுதலாகி வந்தபோது, அந்தப் பூவரச நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாங்கள் விழா எடுத்து நட்ட 40 கன்றுகளில் ஒன்று கூட இல்லை. 'விறகு' மட்டும் மரமாகி விட்டது.

இதில் அவன் கெட்டிக்காரத்தனம் எது? தண்ணீர் எங்கே தானாக வருகிறது என்று பார்த்தானே, அதுதான். பாதிக்கு மேல் தோற்றுப் போனான் என்பதையும் மறந்து விடாதீர்கள். மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது. ஒன்றே ஒன்று வைத்திருந்தால்?

* கிளைக்குள் என்ன நடக்கிறது?

வெட்டிய கிளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேர் இல்லை, அதனால் தண்ணீர் குடிக்க வாய் இல்லை. ஆனால், இலைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக் கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கிற தண்ணீர் தீர்வதற்குள் வேர் வந்தால் பிழைக்கும். வராவிட்டால் வாடி விடும். போத்து நடுவது என்பது இந்த ஓட்டப் பந்தயத்தில் கிளைக்கு நாம் உதவி செய்வதுதான்.

வேர் எப்படி வருகிறது? செடியின் நுனி மொட்டிலும் இளம் இலைகளிலும் 'ஆக்ஸின்' என்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது மேலிருந்து கீழே இறங்கும். கிளையை வெட்டியதும், கீழே போக வழியில்லாமல் வெட்டுப்பட்ட இடத்தில் வந்து சேருகிறது. "இங்கே வேர் வேண்டும்" என்று அங்குள்ள செல்களுக்குச் சொல்கிறது. தண்டாக இருந்த செல்கள் வேராக மாறத் தொடங்குகின்றன. அதிசயமாக இல்லையா?

இதைக் கண்டுபிடிக்க வெகு காலம் ஆனது. 1880ஆம் ஆண்டு சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸ் டார்வினும், புல் முளையின் நுனியில் இருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போகிறது என்று எழுதினார்கள். அந்தச் செய்தி ஒரு வேதிப்பொருள்தான் என்று 1920களில் நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் முளைகளை வைத்து நிரூபித்தார். இன்று உரக்கடையில் வேர் விடுவதற்கென்று விற்கும் பொடியில் இருப்பது, அதைப் போலவே வேலை செய்யும் பொருள்தான். முருங்கைக்கும் பூவரசுக்கும் அந்தப் பொடி தேவையே இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள்!

ஆக்ஸின் மேலிருந்து கீழே போகும் என்றேன் அல்லவா? அதனால் கிளையைத் தலைகீழாக நடக் கூடாது. இலையில்லாத கம்பில் எது தலை, எது கால் என்று எப்படித் தெரியும்? வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும், மேல்பக்கத்தை நேராகவும் வெட்டி விட வேண்டும். அவ்வளவுதான்.

* முதலில் புதினாவில் பழகுங்கள்!

எடுத்த எடுப்பில் மரம் வேண்டாம். அம்மா கடையில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து நல்ல தண்டு நான்கைக் கேட்டு வாங்குங்கள். அடி இலைகளைக் கிள்ளி விட்டு, நுனியில் மட்டும் நான்கைந்து இலைகளை விடுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, தண்டின் கணு தண்ணீருக்குள் இருக்கும்படி நிறுத்துங்கள். நேர் வெயில் படாத, வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தண்டு அழுகும். கொசுவும் முட்டை போடும்.

ஒரு வாரம், பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை நூல் மாதிரி வேர் வரும். கண்ணாடி டம்ளர் என்பதால் தினமும் பார்க்கலாம். வேர் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்து விட்டால் போதும். மண்ணுக்குள் தெரியாமல் நடப்பதைப் பற்றி உங்களுக்கு நம்பிக்கை வந்து விடும்.

* இனி, போத்து வைக்கலாம்!

கத்தி, அரிவாள் வேலையெல்லாம் பெரியவர்கள் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

1. கிளையைக் காலையில் வெட்ட வேண்டும். இரவெல்லாம் தண்ணீர் குடித்து நிறைந்திருக்கும் நேரம் அது. நோய் இல்லாத, நன்றாகக் காய்க்கிற மரமாகப் பாருங்கள். முருங்கை என்றால் மணிக்கட்டு கனத்தில் மூன்று, நான்கு அடி நீளம். மல்லிகை, செம்பருத்தி என்றால் பென்சில் கனத்தில் ஒரு சாண். மிக இளசும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம்.

2. சின்னப் போத்துகளில் நுனி இலை இரண்டை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கிள்ளி விடுங்கள். எல்லா இலையும் இருந்தால் தண்ணீர் வீணாகும். ஒரு இலையும் இல்லாவிட்டால் இளம் தண்டுக்குச் சாப்பாடு கிடைக்காது. முருங்கைக் கம்புக்கு இலை வேண்டியதில்லை. அதன் தண்டிலேயே சாப்பாடு இருக்கிறது. மேல் வெட்டில் சாணி உருண்டை வைப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அது சாமி கும்பிட அல்ல. வெட்டு வாய் காயாமல் இருக்கத்தான்!

3. நம் ஊரில் பல இடங்களில் கரிசல் மண். பருத்திக்கும் மிளகாய்க்கும் அது அருமையான மண். ஆனால், வேரில்லாத கிளைக்கு ஆகாது. நனைந்தால் களி மாதிரி பிடித்துக் கொண்டு காற்றை விடாது; போத்து அழுகும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, புது வேரை அறுத்து விடும். அதனால் பாதி மண், பாதி மணல் கலந்து கொள்ளுங்கள். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பு இருக்கும். உரமும் இப்போது வேண்டாம். பல்லே முளைக்காத குழந்தைக்கு யாராவது முறுக்கு கொடுப்பார்களா?

4. சின்னப் போத்துக்குப் பழைய பால் கவர், சிரட்டை, உடைந்த வாளி எது வேண்டுமானாலும் தொட்டியாகும். அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். சுற்றி மண்ணை இறுக்குங்கள். மேலே ஒரு கண்ணாடிக் கவரைக் கூடாரம் போலக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். உள்ளே ஈரக் காற்று நிற்கும், இலை வாடாது. வெயிலில் வைத்தால் உள்ளே வெந்து விடும், ஜாக்கிரதை!

5. தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் தேவையில்லை. நம் பக்கம் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் ரொம்ப நல்லது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் கூடப் போதும்.

* இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

இதுதான் மிக முக்கியம். போத்து நட்ட இரண்டு, மூன்று வாரத்தில் பச்சையாக ஒரு துளிர் வரும். "ஹையா, பிழைத்து விட்டது!" என்று குதிப்போம். நானும் பல முறை குதித்து ஏமாந்திருக்கிறேன்.

துளிர் வந்தால் வேர் வந்து விட்டது என்று அர்த்தமில்லை. தண்டில் சேர்த்து வைத்த சாப்பாட்டைச் செலவழித்து, வேர் இல்லாமலேயே துளிர் விடும். அந்த நேரத்தில் தூக்கி வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் கருகி விடும். பொறுமையாக இருங்கள். துளிர் நின்று நிதானமாக வளர வேண்டும். பிறகு தண்டை மெதுவாக, மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். மண் பிடித்து இழுப்பது போல இருந்தால் வேர் வந்து விட்டது. அப்போதும் ஒரேயடியாக வெளியே வைக்காமல், தினமும் கொஞ்ச நேரம் கவரைத் திறந்து பழக்க வேண்டும்.

வேர் வந்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு காலமும் வேர் வராது! வருகிற வேர் நூலை விட மெல்லியது. ஒரு முறை பிடுங்கினால் அறுந்து விடும்.

இன்னொரு விஷயம். "மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும்" என்று சிலர் சொல்வார்கள். அது பொய். கேட்டு வாங்குங்கள். செடி வளர்ப்பவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கூடவே எப்படி வளர்ப்பது என்றும் சொல்லித் தருவார்கள். அந்தப் பாடம் திருடினால் கிடைக்காது.

* மல்லிகைக்கும் இதுதான் வழி!

இதெல்லாம் வீட்டு விளையாட்டு என்று நினைத்து விடாதீர்கள். மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குரிய குண்டுமல்லி சாதாரணமாக விதை வைப்பதில்லை. அப்படியானால் புதுச் செடி எங்கிருந்து வருகிறது? ராமேஸ்வரம் போகும் வழியில், பாம்பன் தீவில் தங்கச்சிமடம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மணல் நிலத்தில், மல்லிகைத் தண்டுகளை வரிசையாக ஊன்றி, வேர் விட வைக்கிறார்கள். வேர் பிடித்த நாற்றுகள் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகின்றன. நம் அக்கா, தங்கைகள் தலையில் வைக்கிற பூவின் செடி, கடலோரத்து மணலில் ஒரு குச்சியாக இருந்தது!

காங்கேயம் பக்கம் போனால் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். அதுவும் போத்து நட்டு வளர்த்த உயிர்வேலிதான். கம்பி வேலி துருப்பிடிக்கும். இந்த வேலி வருடா வருடம் தழைக்கும்.

இலங்கை அனுராதபுரத்தில் ஒரு போதி மரம் நிற்கிறது. அசோகரின் மகள் சங்கமித்தை, புத்தகயாவில் இருந்த போதி மரத்தின் ஒரு கிளையைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டு வந்ததாக மகாவம்சம் கூறுகிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக அந்த மரத்தைப் பாதுகாத்து வருகிறார்கள். ஒரு கிளைக்கு எவ்வளவு ஆயுள் பார்த்தீர்களா!

* ஒரு எச்சரிக்கை

போத்தில் ஒரு குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நல்ல வாத்தியார் இல்லை.

விதையிலிருந்து வரும் செடி அம்மா மாதிரியும் இருக்கும், அப்பா மாதிரியும் இருக்கும். போத்திலிருந்து வருவது தாய் மரத்தின் நகல். காய் ருசியாக இருந்தால் அதே ருசி வரும், அது நன்மை. யாழ்ப்பாண முருங்கையைப் போத்து வைத்தே வளர்ப்பது அதற்காகத்தான். ஆனால், தாய்க்கு ஒரு நோயைத் தாங்கும் சக்தி இல்லாவிட்டால், எல்லா நகலுக்கும் இருக்காது.

அயர்லாந்து நாட்டு ஏழைகள் உருளைக்கிழங்கை நம்பியே வாழ்ந்தார்கள். கிழங்கை நட்டுக் கிழங்கு எடுப்பதும் ஒரு வகை நகல்தான். ஊர் முழுக்கப் பெரும்பாலும் ஒரே ரகம். 1845ஆம் ஆண்டு ஒரு நோய் வந்தது. வயல் வயலாக அழுகியது. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். நோய் மட்டும் காரணமில்லை, ஆட்சி செய்தவர்களின் தவறும் உண்டு. ஆனாலும், ஒரே ரகத்தை நம்பியதற்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

எனவே, வகுப்பில் பத்துப் பேர் போத்து வைத்தால், பத்துப் பேரும் ஒரே மரத்தில் வெட்டாதீர்கள். நான்கைந்து மரங்களில் வெட்டுங்கள். கூடவே வேப்பங்கொட்டை, புளியங்கொட்டை, பனங்கொட்டையும் ஊன்றுங்கள். விதையில் வந்த வேம்பு, புளி ஆகியவற்றின் ஆணிவேர் ஆழமாகப் போகும். காய்ந்த பூமிக்கு அதுவும் வேண்டும்.

* அம்மாவின் முருங்கை

என் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை நிற்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பழைய வீட்டை விற்று விட்டு வேறு ஊருக்குப் போனோம். பாத்திரம், பெட்டியோடு என் அம்மா ஒரு முருங்கைக் கம்பையும் ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினார். "இது எதுக்கும்மா?" என்று கண்டக்டர் சிரித்தார். "எங்க மாமியார் வச்ச மரம்யா. வீட்டத்தான் வித்தோம், மரத்த விக்கல" என்றார் அம்மா.

அந்தக் கம்பு மரமானது. பிறகு ஒரு புயல் காற்றில் அது விழுந்தது. விழுந்த கிளையிலிருந்து அம்மா மறுபடியும் ஊன்றினார். அம்மா இறந்த பிறகு, அதிலிருந்து ஒரு போத்தை நான் நரிக்குடிக்குக் கொண்டு வந்தேன். இன்று என் பேத்தி சாப்பிடும் முருங்கைக்கீரை, என் அப்பத்தா வைத்த அதே மரத்தின் கீரை. நான்கு இடம் மாறி விட்டது, மரம் மாறவில்லை.

இலவசமாகக் கிடைத்த கன்று செத்தால், "சரி, அடுத்த வருடம் வேறு தருவார்கள்" என்று போய் விடுவோம். நாமே நிழல் கொடுத்து, தண்ணீர் தெளித்து, வேர் வருமா வராதா என்று காத்திருந்த செடியை அப்படி விட மனசு வராது. வீட்டிலேயே போத்து வையுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

* செய்வீர்களா?

ஒரு நோட்டு எடுங்கள். நான்கு கட்டம் போடுங்கள். எந்த மரம், யார் வீட்டிலிருந்து வாங்கியது, என்றைக்கு வைத்தது, இன்று உயிரோடு இருக்கிறதா? இந்த நான்கும் போதும். ஆளுக்கு ஐந்து போத்து வையுங்கள். ஐந்தும் பிழைக்காது. இரண்டு பிழைத்தாலும் நீங்கள் கெட்டிக்காரர்தான். செத்துப் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏன் செத்தது என்று யோசிப்பதுதான் அடுத்த போத்துக்கு உரம்.

ஐப்பசி மழை வந்ததும் வெளியில் நடுங்கள். முள் வேலி போடுங்கள். தண்ணீர் தானாக வரும் இடமாகப் பாருங்கள். குழாயடி, தட்டு கழுவும் இடம், வீட்டுத் தண்ணீர் வந்து விழும் மூலை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரம் நடு விழாவை ஐப்பசியில் வையுங்கள். அடுத்த வருடம் அதே நாளில், இன்னொரு விழா வையுங்கள். அன்று புதிதாக எதுவும் நட வேண்டாம். பிழைத்த மரங்களை மட்டும் பிள்ளைகள் எண்ணட்டும். மிட்டாயை அன்றைக்குக் கொடுங்கள்!

தம்பி, தங்கைகளே! அடுத்த வருடம் யாராவது உங்களிடம், "உங்கள் பள்ளியில் எத்தனை மரம் பிழைத்தது?" என்று கேட்டால், தலையைச் சொறியாமல் பதில் சொல்ல வேண்டும். ஒன்று என்றாலும் சரி. அந்த ஒன்று, நீங்கள் வேர் விட வைத்ததாக இருக்கட்டும்.

சரி, இன்று வீட்டில் புதினா இருக்கிறதா? போய்ப் பாருங்கள்!

- ஓய்வு பெற்ற ஆசிரியர், நரிக்குடி.